பீனிக்ஸுக்குக் குடிவருகிறீர்களா? எங்கே, என்ன சாப்பிடலாம்

கேள்வி இது: "பீனிக்ஸ் பக்கத்துச் சாண்ட்லரில் வேலை கிடைத்து ஜூன் மாதம் குடும்பத்தோடு வருகிறோம். நான் சைவம்; வீட்டுக்காரர் எல்லாம் சாப்பிடுவார். பீனிக்ஸில் செயின் ரெஸ்டாரண்டுகளை விட்டால் உருப்படியாக ஒன்றும் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். உண்மையா? எங்கே போய்ச் சாப்பிடுவது?"

உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டிலிருந்து காரை எடுத்துப் பெரிய சாலையில் ஏறினால் முதலில் கண்ணில் படுவது செயின் கடைகளின் பலகைகள்தான். ஆனால் அந்தப் பலகைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் இந்த ஊரில் சாப்பிடவே இல்லை என்பேன். அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ், சொனோரா பாலைவனத்து ஊர். இங்கே நல்ல சாப்பாடு என்பது அந்தப் பாலைவனத்தின் கோதுமை, விறகு, பயறு ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதைத் தெரிந்துகொண்டு தேடினால் வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் தீராது.

ஒரே பெயரில் ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கடைகளின் பேச்சை, அதாவது செயின் பேச்சை, முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவின் பல செயின் கடைகள் பிறந்ததே இந்தப் பகுதியில்தான். மெக்டொனால்ட் சகோதரர்கள் கிளை உரிமை கொடுத்து, மஞ்சள் வளைவுகளோடு முதன்முதலாக எழும்பிய கடை 1953-இல் பீனிக்ஸின் சென்ட்ரல் அவென்யூவில் வந்தது. பீட்டர் பைப்பர் பீட்சா 1973-இல் பக்கத்து க்ளெண்டேலில். கோல்ட் ஸ்டோன் ஐஸ்கிரீம் 1988-இல் டெம்பியில். பி.எஃப்.சாங்ஸ் 1993-இல் ஸ்காட்ஸ்டேலில். ட்ரூ ஃபுட் கிச்சன் 2008-இல் பீனிக்ஸில். காரணம் ஊரின் வயது. 1950-இல் பீனிக்ஸின் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். இன்று 16 லட்சத்துக்கும் மேல். ஏசி வந்தபின், கார் வந்தபின் வளர்ந்த ஊர். மைலுக்கு ஒரு பெரிய சாலை, சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் கார் நிறுத்த விசாலமான இடம், எங்கிருந்தோ வந்து குடியேறிய, பழகிய ருசியைத் தேடும் குடும்பங்கள். புதிதாக ஒரு செயின் யோசனையை முயன்று பார்க்க இதைவிடத் தோதான ஊர் இருக்க முடியாது.

அதே சாலை அமைப்புதான் சின்னச் சமையல்காரர்களுக்கும் இடம் கொடுத்தது. நெடுஞ்சாலை ஓரமாக ஒரே வரிசையில் பத்துக் கடை, முன்னால் காய்ந்த கார் பார்க்கிங்: இதை ஸ்ட்ரிப் மால் என்பார்கள். சலவைக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே, பெயர்ப்பலகையில் பாதி விளக்கு எரியாத ஒரு கதவு இருக்கும். வாடகை குறைவு என்பதால் அங்கேதான் சொந்தக் காசைப் போட்டு ஒருவர் தனக்குத் தெரிந்த சமையலைச் செய்துகொண்டிருப்பார். வாசலைப் பார்த்துக் கடையை எடை போடும் பழக்கத்தை பீனிக்ஸில் விட்டுவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடுகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட கதவுகளுக்குப் பின்னால்தான் கிடைத்தது.

இனி முக்கியமான விஷயம். பீனிக்ஸ் சாப்பாட்டைப் புரிந்துகொள்ள நியூயார்க்கோடும் லாஸ் ஏஞ்சல்ஸோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. தெற்கே பாருங்கள். மூன்று மணி நேரம் காரில் போனால் மெக்சிகோ எல்லை. அதைத் தாண்டினால் சொனோரா மாநிலம். எல்லைக்கோடு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் போட்டது. பாலைவனம் இரண்டு பக்கமும் ஒன்றேதான், சமையலும் அப்படியே. மெக்சிகோவின் மற்றப் பகுதிகளில் மக்காச்சோளம் ஆள்கிறது என்றால் சொனோராவில் கோதுமை ஆள்கிறது. கூடவே மாட்டிறைச்சி, பாலாடைக்கட்டி, பீன்ஸ். காரம் குறைவு. மெக்சிகன் என்றாலே நாக்கு எரியும் என்று எதிர்பார்த்து வரும் நம்மவர்கள் முதலில் ஏமாந்துபோவது இங்கேதான். காரம் தனியாக வரும்: சில்டெபின் என்று மிளகைவிடச் சற்றே பெரிய காட்டு மிளகாய், கிண்ணத்தில் கேட்டால் தருவார்கள். இரண்டைக் கையால் நசுக்கித் தூவிக்கொண்டால் போதும். சுர்ரென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கிவிடும்.

கோதுமை எப்படி வந்தது? 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கீனோ என்ற ஜெசுவிட் பாதிரியார் இந்தப் பகுதிக்கு வந்தபோது ஐரோப்பியப் பயிர்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்தார். மக்காச்சோளமும் பீன்ஸும் வெயில் காலப் பயிர்கள். குளிர்காலத்தில் நிலம் சும்மா கிடந்தது. கோதுமை அந்த இடைவெளியில் சரியாகப் பொருந்தியது. வெள்ளைச் சொனோரா கோதுமை என்று இன்றும் விளைகிற அந்த வகை மென்மையானது, வெளிர் நிறம், மாவு நன்றாக இழுபடும். அதிலிருந்து பிறந்ததுதான் சொனோரா டார்ட்டியா, நம் சப்பாத்தி மாதிரியான ரொட்டி.

சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறையில் தடிமனாக வரும் டார்ட்டியாவை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மாவு, உப்பு, கொழுப்பு, வெந்நீர், அவ்வளவுதான் சேர்மானம். உருண்டை பிடித்து ஊறவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டி, பிறகு முன்கையின் மேல் விட்டு விரிப்பார்கள். வீச்சு பரோட்டா போடும் மாஸ்டரின் கையைப் பார்த்தவர்களுக்கு அந்த அசைவு உடனே பிடிபடும். பெரிய வகை, விரித்தால் ஒரு சின்ன மேஜையையே மூடும். குழிவு கீழ்ப்பக்கம் இருக்குமாறு கவிழ்த்த இரும்புக் கல்லில் போட்டால் சில நொடிகளில் அங்கங்கே கொப்பளித்துப் பழுப்புப் புள்ளி விழும். திருப்பிப் போட்டு எடுத்துவிடுவார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல்களின் நிழல் தெரியும். அவ்வளவு மெல்லியது, ஆனால் கிழியாது. சூடாக இருக்கும்போது அதை வெறுமனே கிழித்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டவுன்டவுனுக்குத் தெற்கே மொஹாவே தெருவில் கரோலினாஸ் என்ற கடை 1968 முதல் நடக்கிறது. அலங்காரம் ஒன்றும் கிடையாது. கவுன்டரில் சொல்லிவிட்டு எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார வேண்டியதுதான். சாப்பிட்டு முடித்து ஒரு டஜன் டார்ட்டியாவைப் பொட்டலமாக வாங்கிப் போகிறவர்கள் நிறைய. நீங்களும் வாங்குங்கள், ஆனால் வீட்டுக்கு வந்துசேரும்போது டஜன் இருக்காது.

இந்தச் சமையலின் இன்னொரு பாதி விறகு. மெஸ்கீட் மரம் நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. ராமநாதபுரத்துப் பக்கம் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது என்று நாம் சபிக்கிற அதே குடும்பத்து மரம், தன் சொந்த மண்ணில் இங்கே மக்களை வளர்த்திருக்கிறது. காயை உலர்த்தி இடித்து இனிப்பான மாவாக்குவார்கள். கட்டையில் மாட்டிறைச்சியும் கோழியும் சுடுவார்கள். அந்தப் புகைக்கு லேசான இனிப்பு உண்டு. மாலையில் தெற்கு பீனிக்ஸ் பக்கம் கார் கண்ணாடியை இறக்கினால் எந்தத் திசையில் இறைச்சி வாட்டுகிறார்கள் என்று மூக்கே சொல்லிவிடும்.

உங்கள் வீட்டுக்காரர் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் கிராண்ட் அவென்யூவில் இருக்கும் பகனோராவைச் சொல்வேன். ரெனே அந்த்ராதே 2021-இல் தொடங்கியது. மிகச் சின்ன இடம். சமையலின் மையமே விறகு நெருப்புதான். இரும்புக் கம்பித் தட்டைச் சக்கரத்தைச் சுற்றி நெருப்புக்கு மேலே ஏற்றியும் இறக்கியும் சூட்டைச் சரிசெய்கிறார்கள். கோழி, மாட்டிறைச்சி, சோளக்கதிர் எல்லாம் அதே நெருப்பின் வெவ்வேறு மூலைகளில் வேகும். அமெரிக்க உணவகத் துறையில் பெரிய மரியாதையாகக் கருதப்படுவது ஜேம்ஸ் பியர்ட் விருது. தென்மேற்குப் பகுதியின் சிறந்த சமையல்காரர் என்று 2024-இல் அந்த்ராதேவுக்கு அது கிடைத்தது. சொனோராவில் வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை செய்கிற சமையலைக் கொஞ்சமும் பூச்சு வேலை செய்யாமல் கொண்டுவந்து வைத்து வென்றதுதான் எனக்கு மகிழ்ச்சி. அதற்குமுன் இந்த ஊரில் மெக்சிகன் சாப்பாட்டுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர் சில்வானா சால்சிதோ எஸ்பார்சா. 2002-இல் 16-ஆவது தெருவில் பாரியோ கஃபே தொடங்கி, மாதுளை முத்துகள் தூவிய குவாக்கமோலேயை, அதாவது வெண்ணெய்ப்பழ மசியலை, மேஜையருகே பிசைந்து கொடுத்தார். அந்தத் தெருச் சுவர்களில் ஓவியங்கள் பெருகியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

தெருவோர வண்டிகளையும் விட்டுவிடக் கூடாது. சொனோரா ஹாட் டாக் எல்லைக்கு அப்பால் எர்மோசியோ நகரத்துச் சரக்கு. சாஸேஜைச் சுற்றி பேக்கன் என்ற பன்றி இறைச்சிக் கீற்றைச் சுருட்டி வாட்டி, மெத்தென்ற பன்னில் வைத்து, பின்டோ பீன்ஸ், தக்காளி, வெங்காயம், மயோனைஸ், மிளகாய்ச் சட்னி என்று மேலே குவிப்பார்கள். இருட்டிய பிறகுதான் வண்டிகள் வரும். மக்காச்சோள மாவை மடல் தோலில் சுற்றி அவிக்கும் தமாலேயை வீட்டிலேயே சமைத்து விற்கும் பெண்களுக்கு நெடுங்காலம் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அதற்கான மசோதாவை 2023-இல் ஆளுநர் நிராகரித்தார். திருத்தி வந்ததில் 2024-இல் கையெழுத்திட்டார். பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தே விற்கலாம் என்பது இப்போது சட்டம். கிறிஸ்துமஸ் சமயத்தில் அலுவலகத்தில் யாராவது தமாலேக்கு ஆர்டர் எடுத்தால் யோசிக்காமல் சேர்ந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஓர் இடத்தைப் பற்றி. சாண்ட்லரின் மேற்கு எல்லை முடிந்ததும் கிலா நதிப் பழங்குடியினரின் நிலம் தொடங்குகிறது. அங்கே வாழும் அக்கிமெல் ஓதம் மக்களின் முன்னோர் இந்தப் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி விவசாயம் செய்தவர்கள். பீனிக்ஸ் என்று ஊருக்குப் பெயர் வந்ததே அந்தப் பழைய கால்வாய்களின் மேல் புதிதாக எழும்பிய ஊர் என்பதால்தான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்கும் அமெரிக்க ராணுவத்துக்கும் கோதுமை விற்றவர்கள் இவர்கள். 1870-களிலிருந்து ஆற்றின் மேல்பக்கம் குடியேறியவர்கள் நீரைத் திருப்பிக்கொண்டார்கள். ஆறு வறண்டது, வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. ஊருக்கே கோதுமை விற்றவர்கள் அரசாங்கம் கொடுக்கும் வெள்ளை மாவுக்கும் பன்றிக் கொழுப்புக்கும் கை நீட்ட வேண்டியதாயிற்று. உலகிலேயே மிக அதிக அளவில் நீரிழிவு பதிவான சமூகங்களில் ஒன்றாக அவர்கள் ஆனதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். தண்ணீரில் அவர்கள் பங்கை உறுதிசெய்த சட்டம் வர 2004 ஆயிற்று.

இந்த வரலாற்றைச் சொல்லாமல் ஃப்ரை பிரெட் என்ற பொரித்த ரொட்டியைப் பற்றிப் பேசுவது சரியல்ல. 1864-இல் ராணுவம் நவஹோ மக்களை அவர்கள் மண்ணிலிருந்து பிடுங்கி, நியூ மெக்சிகோவில் ஒரு முகாமுக்கு நடத்தியே கொண்டுபோனது. அங்கே ரேஷனாகக் கிடைத்த மாவையும் கொழுப்பையும் வைத்துப் பிறந்த ரொட்டி இது என்பார்கள். பிறகு பல பழங்குடிச் சமூகங்களுக்கும் பரவியது. அது வந்த வழியில் வலி இருக்கிறது. ஆனாலும் திருவிழாவிலும் வீட்டு விசேஷத்திலும் அது இல்லாமல் நடக்காது. இரண்டும் உண்மை. தோஹோனோ ஓதம் சமூகத்தைச் சேர்ந்த சிசிலியா மில்லர் 1992-இல் பீனிக்ஸில் தொடங்கிய ஃப்ரை பிரெட் ஹவுஸுக்கு 2012-இல் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பு 'அமெரிக்காவின் கிளாசிக்' என்ற கௌரவத்தைக் கொடுத்தது. கையால் நீட்டிய மாவை எண்ணெயில் போட்டதும் உப்பி, ஓரம் மொறுமொறுப்பும் நடு மென்மையுமாக வரும். அதை மடித்து உள்ளே சிவப்பு மிளகாய்க் குழம்பில் வெந்த மாட்டிறைச்சியோ பீன்ஸும் சீஸுமோ வைப்பார்கள். தேனும் சர்க்கரையும் தடவியது குழந்தைகளுக்கு. எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள், பீன்ஸில் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள்.

கிலா நதி மக்களின் நிலத்தில், வைல்ட் ஹார்ஸ் பாஸ் ரிசார்ட்டுக்குள் இருக்கிறது காய் உணவகம். அவர்கள் மொழியில் விதை என்று பொருள். ஏ.ஏ.ஏ. என்ற கார் ஓட்டுநர் சங்கத்தின் ஐந்து வைரத் தரமும் ஃபோர்ப்ஸின் ஐந்து நட்சத்திரமும் பெற்ற இடம். கிலா நதி நிலத்தில் விளைந்த பயறு, சாயோ கள்ளியின் மொட்டு, மெஸ்கீட் மாவு, சாகுவாரோ கள்ளியின் பழம், காட்டெருமை இறைச்சி என்று பாலைவனமே வரிசையாகத் தட்டில் வரும். ஆளுக்கு நூறு டாலரைத் தாண்டிவிடும் என்பதால் கல்யாண நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைவம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

பீனிக்ஸுக்கு வெளியூர்க்காரர்கள் தேடி வருவது பீட்சாவுக்காகவும்தான். கிறிஸ் பியாங்கோ நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். இங்கே வந்து, தன் அபார்ட்மெண்டில் மொட்சரெல்லா சீஸ் செய்து இத்தாலியன் ஹோட்டல்களுக்கு விற்றார். 1988-இல் ஒரு மளிகைக் கடையின் மூலையில் பீட்சாக் கடை போட்டார். 1990-களில் டவுன்டவுன் ஹெரிடேஜ் ஸ்கொயரில் பழைய பட்டறை ஒன்றின் செங்கல் கட்டடத்துக்கு மாறினார். 2003-இல் தென்மேற்கின் சிறந்த சமையல்காரர் விருது. பீட்சா போடுகிறவருக்கு அந்த விருதா என்று நாடே திரும்பிப் பார்த்தது. 2022-இல் நாட்டின் தலைசிறந்த உணவக உரிமையாளர் என்ற விருதும் வந்தது. ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. மெனு சின்னது. நீங்கள் ரோசா வாங்குங்கள்: தக்காளி கிடையாது, சிவப்பு வெங்காயம், பார்மிஜானோ சீஸ், ரோஸ்மேரி, அரிசோனாவில் விளைந்த பிஸ்தா. விறகு அடுப்பின் சூட்டில் வெங்காயம் இனிக்க, பிஸ்தா வறுபட, பெயருக்குத்தான் பீட்சா. (பார்மிஜானோவில் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் உண்டு, அதுவரை பார்க்கிற சைவம் என்றால் சீஸ் இல்லாத மரினாராவுக்குப் போங்கள்.)

பியாங்கோவை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. டெம்பியில் 1874 முதல் ஓடிய ஹேடன் மாவு ஆலை 1990-களின் கடைசியில் மூடப்பட்டது. அதன் வெள்ளைக் குதிர்கள் மில் அவென்யூவில் இன்னும் நிற்கின்றன. பிறகு ஒரு குடும்பம் அந்தப் பெயரை மீட்டு, வெள்ளைச் சொனோரா போன்ற பழைய தானியங்களைக் கல் ஆலையில் அரைக்கத் தொடங்கியபோது, ஆலையை முதலில் வைத்தது பியாங்கோவின் சாண்ட்விச் கடைக்குப் பின்புறத்தில்தான். அவரைப் போன்ற சமையல்காரர்கள் வாங்கிக்கொண்டதால்தான் விவசாயிகள் அதைத் திரும்ப விதைத்தார்கள்.

சைவத்துக்கு வருகிறேன், உங்களுக்கு இதுதான் அவசரம். ஸ்காட்ஸ்டேல் பழைய ஊரில் எஃப் அண்ட் பி என்ற உணவகம் இருக்கிறது. சார்லீன் பேட்மன் காய்கறிக்கே முதலிடம் கொடுத்துச் சமைப்பவர். 2019-இல் ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். இந்த ஊரில் சைவம் சாப்பிடுகிறவரை இரண்டாந்தர விருந்தாளியாக நடத்தாத இடம் எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். மதுப் பட்டியலில் அரிசோனாவிலேயே விளைந்த திராட்சையின் ஒயின்களுக்குத்தான் மதிப்பு.

சாதாரண மெக்சிகன் கடையில் கவனம் தேவை. மசித்த பீன்ஸில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். அரிசி சிவப்பாக வந்தால் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். டார்ட்டியாவிலும் கொழுப்பு இருக்கலாம், சில கடைகளில் எண்ணெய் சேர்ப்பார்கள். "தியேனே மாந்தேகா?" என்று கேளுங்கள், கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று அர்த்தம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே போய்ச் சமையல்காரரிடமே கேட்டுவந்து சொல்வார்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டு இல்லை என்றே சிலர் எடுத்துக்கொள்வார்கள், கொழுப்பும் சாறும் கணக்கில் வராது. துணிந்து கேட்கக்கூடியவை: நோபாலேஸ், அதாவது முள் சீவி வதக்கிய சப்பாத்திக் கள்ளி, லேசான புளிப்போடு வெண்டைக்காய் போலக் கொழகொழக்கும்; சுரைக்காய் வகையும் சோளமும் சேர்த்த கலபசீத்தாஸ்; வாட்டிய பொப்லானோ மிளகாய். சீஸ் கிரிஸ்ப் அரிசோனாவுக்கே உரியது: பெரிய டார்ட்டியாவை விரித்தபடியே மொறுமொறுவென்று சுட்டு, மேலே சீஸை உருக்கி, மேஜை நடுவில் வைப்பார்கள், எல்லோரும் பிய்த்துச் சாப்பிடலாம்.

நம்மூர்ச் சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். இன்டெல் சாண்ட்லரில் 1980-களிலிருந்து இருக்கிறது. அதைச் சுற்றி நம் மக்கள், நம் மக்களைச் சுற்றி தோசைக் கடையும் பிரியாணிக் கடையும் மளிகையும். வந்த வாரத்தில் யாராவது கூட்டிப்போய்க் காட்டிவிடுவார்கள். மேசா நகரில் டாப்சன் சாலைப் பக்கம் ஆசிய வட்டாரம்: மெகாங் பிளாசா என்ற மாலுக்குள் வியட்நாமின் நூடுல் சூப்பான ஃபோவிலிருந்து சகலமும் உண்டு, ஃபோ சாறு எலும்பில் கொதித்தது என்பதை மறக்க வேண்டாம். காரம் வேண்டுமென்றால் தெற்கு பீனிக்ஸில் லாஸ் டோஸ் மொலினோஸ். அது சொனோரா பாணி அல்ல, நியூ மெக்சிகோ மிளகாய்ச் சமையல், கண்ணில் நீர் வரும். பழைய ஸ்டேக் ஹவுஸ் பார்க்க ஆசையென்றால் 1950-இல் தொடங்கிய டுரண்ட்ஸ். பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நடந்துதான் உள்ளே போவது அங்கே வழக்கம்.

ஜூனில் வருகிறீர்கள் என்பதால் பருவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த ஊர் உணவகங்களின் வருமானம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் குளிருக்குத் தப்பி வருகிறவர்கள், பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முழுக்க 15 பேஸ்பால் அணிகளின் பயிற்சி ஆட்டங்களுக்கு வரும் கூட்டம் எல்லாம் அப்போதுதான். மே முடிந்ததும் ஊர் காலியாகிறது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வெயில் அடித்தது, அதாவது 43 செல்சியஸுக்கும் மேல். யார் வெளியே போய்ச் சாப்பிடுவார்கள்? ஆனால் ஏசி கட்டணமும் வாடகையும் குறையாது. சின்னக் கடைகள் பல ஜூலை, ஆகஸ்டில் ஒன்றிரண்டு வாரம் மூடிவிடுவார்கள். சில கடைகள் அந்த மாதங்களில்தான் நிரந்தரமாகவே மூடப்படும். ஆகவே கிளம்புமுன் போன் செய்து கேளுங்கள். மார்ச்சில் வாரக்கணக்கில் முன்பதிவு கிடைக்காத இடங்களில் ஜூலையில் அன்றைக்கே மேஜை கிடைக்கும். பரிமாறுகிறவர்களுக்கு நின்று பேச நேரம் இருக்கும். ஊரின் நல்ல கடைகளோடு பழக கோடைதான் சரியான காலம். நீங்கள் கோடையில் போகிற சின்னக் கடைதான் அடுத்த குளிர்காலம்வரை தாக்குப்பிடிக்கும், இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் வையுங்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியில் மணிக்கு 3 டாலர்வரை குறைத்துக் கொடுக்க அரிசோனா சட்டம் இடம் கொடுக்கிறது, அந்தக் குறையை நிரப்புவது நம் டிப்ஸ்தான்.

கடைசியாக ஒரு சாமான் வாங்கச் சொல்கிறேன். டெபரி பீன்ஸ். நம் காராமணியைவிடச் சிறியது. பழுப்பு, வெள்ளை என்று முக்கியமாக இரண்டு நிறம். கோடை மழை ஒன்றிரண்டு பெய்தாலே விளைந்துவிடும், இந்தப் பாலைவனத்துக்கென்றே பிறந்த பயறு. தண்ணீர் போனபோது அதுவும் வயல்களிலிருந்து போய்விட்டது. கிலா நதிச் சமூகத்தைச் சேர்ந்த ராமோனா ஃபார்ம்ஸ் குடும்பம் மிச்சமிருந்த கொஞ்சம் விதையிலிருந்து அதைத் திரும்பப் பெருக்கியது. இப்போது பொட்டலத்தில் கிடைக்கிறது. சனிக்கிழமை காலை டவுன்டவுனில் கூடும் விவசாயிகள் சந்தையில் இந்த ஊர்த் தானியங்களையும் பயறுகளையும் தேடிப் பாருங்கள், கோடையில் வெயிலுக்கு முன்பே போய்விட வேண்டும். பழுப்புப் பயறு மண் வாசனையோடு அழுத்தமாக இருக்கும். வெள்ளை சற்று இனிக்கும். வேக நேரம் எடுக்கும், அதனால் முதல் நாள் இரவே ஊறவைத்துக் குக்கரில் கொண்டைக்கடலைக்கு விடுவதைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். வெந்த பிறகு உப்புப் போட்டு, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய் தூவிச் சுண்டலாகச் செய்தால் வெள்ளை வகைதான் பொருத்தம். பழுப்பு வகையைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.